கானாவில் மரவள்ளிக்கிழங்குப் பெண்கள் குழுவுக்கு ஆலோசகராகப் போகிறேன். இரண்டு வாரத்தில் உருப்படியாக என்ன செய்யலாம்?

எழுதியவர்: காவிரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். நான் கும்பகோணம் பக்கத்து ஊர்க்காரி. கூட்டுறவு வங்கியில் 31 வருஷம் வேலை பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் விவசாயக் கடன் பிரிவில். ஓய்வு பெற்ற பிறகு டொரொன்டோ பக்கம் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே ஒரு தன்னார்வ ஆலோசகர் அமைப்பில் போன வருஷம் பெயர் கொடுத்து வைத்திருந்தேன். இப்போது கூப்பிட்டிருக்கிறார்கள். கானா நாட்டில், வோல்ட்டா பகுதியில், மரவள்ளிக்கிழங்கில் 'காரி' என்ற பண்டம் செய்து விற்கும் 22 பெண்கள் குழு. இரண்டு வாரம் கூட இருந்து கணக்கு, விலை, சந்தை மூன்றையும் சீராக்க உதவ வேண்டுமாம். டிக்கெட்டும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. சம்பளம் கிடையாது, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

என் பயம் வேறு. வேலையில் இருந்தபோது எங்கள் வட்டாரத்துச் சுயஉதவிக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்க வெளியிலிருந்து சிலர் வந்தார்கள். மூன்று நாள் ஊறுகாய் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். சான்றிதழ், குழு போட்டோ எல்லாம் ஆயிற்று. அடுத்த மாசம் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் எல்லாக் குழுக்களும் ஊறுகாய் போட்டன. வாங்கத்தான் ஆள் இல்லை. அந்தக் கடனை வசூலிக்க வீடு வீடாகப் போனவள் நான். ஒரு வீட்டுத் திண்ணையில் ஜாடிகளை வரிசையாக வைத்து, "இதையே எடுத்துக்கிட்டுப் போங்கம்மா" என்று ஒரு பெண் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. அந்தப் பயிற்சியாளர்கள் மாதிரி நானும் போய்விட்டு வந்துவிடக் கூடாது.

நான் காரியைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. அவர்கள் பேசும் எவே மொழியும் தெரியாது. இப்படிப் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால், முதல் நாளிலிருந்து என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

---

எழுதியவர்: வன்னிமண்

அக்கா, நான் நெதர்லாந்தில் இருக்கிறேன். கென்யாவில் பால் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு இரண்டு தடவை போய் வந்தேன். இங்கே 1978-இல் இருந்து இப்படி அனுபவசாலிகளை அனுப்புகிறார்கள். ஜெர்மனியில் 1983-இல் தொடங்கினார்கள், உங்கள் கனடாவில் அதற்கும் முந்தி 1967-இல். ஆகவே நீங்கள் கேட்கிற கேள்வியைப் பலர் கேட்டுக் கடந்திருப்பார்கள், பயப்பட வேண்டாம்.

என் அனுபவத்தில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பாலின் தரத்தைக் கூட்ட வேண்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். சங்கத்து ஆட்களோடு கதைத்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. நாலாம் நாள் விடியற்காலை, பால் சேர்க்கிற இடத்தில் கானோடு வரிசையில் நிற்கிற பெண்களோடு போய் நின்றேன். சங்கம் காசு கொடுக்க ஐந்தாறு கிழமை செல்லும், தெருவில் வாங்குகிற வியாபாரி அந்த இடத்திலேயே காசு கொடுப்பான். அதனால் நல்ல பால் அவனுக்குப் போகிறது, மிஞ்சினது சங்கத்துக்கு வருகிறது. தரப் பிரச்சினை என்று பெயர், உள்ளே இருந்தது காசுப் பிரச்சினை.

நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முடிந்தால் பெண்ணாக. குழுத் தலைவியின் சொந்தக்காரராக இருக்கவே கூடாது.

---

எழுதியவர்: சேகோ ஆத்தூரான்

வணக்கம் அம்மா. உங்கள் ஊறுகாய்க் கதையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் சேலம் மாவட்டம் ஆத்தூர்க்காரன். 26 வருஷம் சேகோ பேக்டரி, அதாவது ஜவ்வரிசி மில், நடத்தினேன். தம்பி மகனிடம் அதை ஒப்படைத்துவிட்டு கால்கரியில் மகன் வீட்டுக்கு வந்தவன். 2017-இலும் 2019-இலும் நீங்கள் போகப்போகிற அதே வோல்ட்டா பகுதிக்கு, அகாட்சி பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போனேன். இரண்டு முறையும் அதே குழு.

முதலில் காரி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பார்க்க வறுத்த ரவை மாதிரி இருக்கும், லேசான புளிப்பு. குச்சிக்கிழங்கை (மரவள்ளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) தோல் சீவி, கழுவி, துருவி, சாக்கில் கட்டி இரண்டு மூன்று நாள் புளிக்க விடுவார்கள். பிறகு பிழிந்து, கட்டி உடைத்துச் சலித்து, அடுப்பில் அகலச் சட்டி வைத்து வறுப்பார்கள். கொதிநீரில் பிசைந்து குழம்போடு சாப்பிடலாம். பச்சைத் தண்ணீரில் ஊற வைத்து, சர்க்கரை, பால், நிலக்கடலை போட்டும் சாப்பிடலாம். விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளின் பெட்டியில் காரி இல்லாமல் இருக்காது. புளிக்க வைப்பதும் வறுப்பதும் ருசிக்காக மட்டும் இல்லை, கிழங்கில் உள்ள சயனைடு நஞ்சு போவதும் அதில்தான். அதனால் வேலையைச் சீக்கிரம் முடிக்கலாம் என்று புளிக்கிற நாளைக் குறைக்கச் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும், நமக்குத்தான் தெரியாது.

2017-இல் நான் செய்த தவறை முதலில் சொல்ல வேண்டும். போன இரண்டாம் நாளே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். இவ்வளவு நல்ல சரக்கைச் சந்தையில் தகர டப்பாவில் அளந்து விற்கிறார்களே, பாக்கெட் போட்டு அக்ராவில் பெரிய கடைகளுக்குக் கொடுத்தால் விலை கூடக் கிடைக்குமே என்றேன். நம்பினார்கள். அச்சடித்த பை வாங்கினார்கள், உணவு மருந்து ஆணையத்தில் பதிவு செய்ய அலைந்தார்கள். ஒரு கடை எடுத்துக்கொண்டது. டப்பா விலையை விட நல்ல விலைதான். ஆனால் பணம் 45 நாள் கழித்துத்தான் வரும் என்றார்கள்.

அந்தப் பக்கம் நாலு நாளைக்கு ஒருமுறை சந்தை. இன்று சந்தையில் காரி விற்ற காசில்தான் நாளை கிழங்கு வாங்குகிறார்கள். 45 நாள் என்றால் பதினோரு சந்தை! பணம் கடையில் மாட்டிக்கொண்டது, கிழங்கு வாங்கக் கையில் காசு இல்லை. குழு இரண்டு மாசம் அடுப்பு மூட்டவில்லை. நான் அப்போது கால்கரியில் என் அறிக்கையை எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். விஷயம் எனக்கு ஆறு மாசம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. என் சொந்த மில்லில் கிழங்கு போட்ட விவசாயிக்கு நாற்பது நாள் பணம் நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்தவன்தானே நான். அங்கே போனதும் அது எப்படி மறந்தது?

அதனால்தான் 2019-இல் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். குழுத் தலைவி அம்மா என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். "வந்தீர்களே, அது போதும்" என்று சொல்லிவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். அந்த முக்காலியில் முதல் நாலு நாள் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. கிழங்கு சீவினேன், சலித்தேன், எழுதினேன்.

நான் கொண்டு போனது ஒரு தொங்கு தராசு, ஒரு நோட்டு, அவ்வளவுதான்.

காரியை அங்கே 'ஒலோன்கா' என்ற தகர டப்பாவில் அளந்து விற்பார்கள். நம்ம ஊர்ப் படி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பின்னேரம், குழுவில் மூன்று பேரை அவரவர் வழக்கம் போல ஒரு ஒலோன்கா அளக்கச் சொன்னேன். முதல் பெண் அளந்து, மேலே கோபுரம் மாதிரி குவித்து, விழுகிற வரைக்கும் கையால் அணைத்துப் பிடித்தார். இரண்டாமவர் கொஞ்சம் குவித்தார். மூன்றாமவர் டப்பாவை லேசாகத் தட்டி மட்டமாக்கினார். மூன்றையும் தராசில் தொங்கவிட்டோம். 2.9 கிலோ, 2.6 கிலோ, 2.3 கிலோ. விலை மூன்றுக்கும் ஒன்றுதான். யாரும் பேசவில்லை. பிறகு முதல் பெண் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு என்னவோ சொன்னார். "ஐந்து டப்பா விற்றால் ஒரு டப்பா சும்மா கொடுத்திருக்கிறேன்" என்று மொழிபெயர்த்தார்கள். மட்டமாக அளப்பவரோடு ஒப்பிட்டால் கணக்கு கிட்டத்தட்ட அதுதான். நான் வாயே திறக்கவில்லை, கணக்குப் போட்டது அவர். எப்படி அளப்பது என்ற முடிவையும் அவர்களே எடுத்தார்கள். குவிப்பதை விட முடியாது, வாங்குபவர் மனசு கோணும், ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி, நடுவில் உள்ள அளவுக்குக் குவிப்போம் என்று.

அடுத்தது கிழங்கு. எங்கள் பக்கம் மில்லில் கிழங்கை மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து விலை போடுவோம். காற்றில் எடை, தண்ணீருக்குள் எடை, இரண்டையும் வைத்துப் பாயிண்ட் சொல்வது. அங்கே அவர்கள் காட்டில் நிற்கிற கிழங்கை அப்படியே பேசி வாங்குகிறார்கள். பிடுங்கிய பிறகுதான் லாபமா நஷ்டமா என்று தெரியும். நாங்கள் எடை போட்ட முதல் நாளில் 100 கிலோ கிழங்குக்கு 21 கிலோ காரி கிடைத்தது. இன்னொரு நாள் 17 தான். காரணம் தேடினோம். வண்டி வராமல் கிழங்கு மூன்று நாள் மரத்தடியில் கிடந்திருக்கிறது. வெட்டிப் பார்த்தால் உள்ளே நீலக் கறுப்பாய்க் கோடு ஓடியிருந்தது, பாதியை வெட்டி ஆட்டுக்குப் போட வேண்டியதாயிற்று. மரவள்ளிக்குப் பிடுங்கிய இரண்டு நாளைக்கு மேல் பொறுமை கிடையாது என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அது எத்தனை டப்பா நஷ்டம் என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தோம். அதிலிருந்து வண்டி உறுதியான பிறகுதான் பிடுங்கச் சொல்கிறார்கள்.

விறகுதான் பெரிய விஷயம், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வறுக்கிற கொட்டகைக்குள் நான் பத்து நிமிஷம் நிற்க முடியவில்லை, கண் எரிந்து வெளியே வந்துவிட்டேன். அந்தப் பெண்கள் அதற்குள் ஆறு மணி நேரம் உட்காருகிறார்கள். சாக்கு மேல் கல் அடுக்கித்தான் பிழிந்தார்கள். கையில் அள்ளி அழுத்தினால் இன்னும் தண்ணீர் சொட்டியது. பிழிய வேண்டிய தண்ணீரை விறகு வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கணக்கு இதுதான்: 100 கிலோ துருவலில் 65 கிலோ தண்ணீர், 35 கிலோ சத்து. பாதிக்குப் பாதி ஈரம் இருக்கிற அளவுக்குப் பிழிந்தால், காரியிலேயே தங்குகிற கொஞ்சம் ஈரம் போக, வறுக்கும்போது சுமார் 31 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஈரத்தை 45 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் அது 25 கிலோவுக்கு இறங்கிவிடும். ஐந்தில் ஒரு பங்கு விறகு மிச்சம், ஐந்தில் ஒரு பங்கு புகை மிச்சம். ஊர் வெல்டரிடம் இரும்புச் சட்டம் அடித்து, பழைய லாரி ஜாக்கி ஒன்றை வைத்துப் பிழியும் பிரஸ் செய்தோம். வெல்டர் அதே ஊர்க்காரர், உடைந்தால் அவரே ஒட்டிக் கொடுப்பார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கொட்டகை ஓரத்தில் முன்பு ஏதோ ஒரு திட்டத்தில் கொடுத்த பளபளப்பான துருவும் இயந்திரம் பேரிங் கிடைக்காமல் நின்றது. மேலே துணி போட்டு மூடி, பத்திரமாக வைத்திருந்தார்கள்.

கூலி பற்றியும் சொல்ல நினைத்தேன், பெரிதாகிவிட்டது. கேளுங்கள், எழுதுகிறேன்.

---

எழுதியவர்: குறிஞ்சி88

சேகோ ஐயா எழுதியதைப் படித்து நெகிழ்ந்தேன். ஆனாலும் மனதில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். கனடாவிலிருந்து ஒருவரை அனுப்புகிற விமானக் கட்டணத்தில் அங்கேயே ஒரு ஆளுக்குப் பல மாசம் சம்பளம் கொடுக்கலாமே. குமாசியில் பல்கலைக்கழகம் இருக்கிறது, அக்ராவில் அரசு உணவு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. காரியைப் பற்றி நமக்குத் தெரிந்ததை விட அவர்களுக்குத் தெரியும். இன்னொன்று, இந்த ஏற்பாடெல்லாம் பணம் கொடுக்கிற அரசின் மனசைப் பொறுத்தது. அமெரிக்கா 1985 முதல் விவசாயிக்கு விவசாயி என்று ஆட்களை அனுப்பியது. 2025-இல் அந்நாட்டு வெளியுதவி நிறுவனத்தையே மூடினார்கள், அதோடு இதுவும் நின்றது. அந்தக் குழுக்களின் கதி என்ன?

---

எழுதியவர்: சேகோ ஆத்தூரான்

தம்பி, கேட்டது நியாயம். 2017-இல் நான் அந்த ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒரு போன் கூடப் போடவில்லை. அதுவும் என் தவறுதான். 2019-இல் முதல் வேலையாக அங்கே போய் ஒரு நாள் உட்கார்ந்து கேட்டேன். பிழியும் ஈரத்தின் கணக்கைத் தெளிவாக்கிக் கொடுத்ததே அவர்கள்தான். அந்த மாவட்ட விவசாய அலுவலர் ஒருவரையும் பத்து நாள் கூடவே வைத்துக்கொண்டேன், நான் வந்த பிறகும் குழுவைப் பார்க்கப் போகிறவர் அவர். ஆகவே அம்மா, இதையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்: உள்ளூர் ஆள் ஒருவர் இல்லாமல் ஒரு கூட்டம் கூட நடத்தாதீர்கள்.

ஆனால் வெளியாள் வருவதே வீண் என்று மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. எங்கள் சேலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1943 வாக்கில், போர்க்காலத்தில் வெளியிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, சேலத்து மாணிக்கம் செட்டியாருக்கு அதைக் குச்சிக்கிழங்கில் செய்யலாம் என்று காட்டியவர் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா. குடிசைத் தொழிலாகத் தொடங்கியது, பிறகு எங்கள் மூன்று மாவட்டத்துக்கும் சோறு போட்டது. ஷா சொல்லிவிட்டு ஓடிவிடவில்லை, கூட இருந்து செய்தார். அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காக்காரர்கள் அந்தத் திட்டத்துக்கு ஜான் ஓகனோவ்ஸ்கி என்பவர் பெயரை வைத்திருந்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட முதல் விமானத்தின் விமானி. மாசசூசெட்ஸில் சொந்தப் பண்ணை வைத்திருந்தார். கம்போடியாவிலிருந்து அகதிகளாக வந்த விவசாயிகளுக்குத் தன் நிலத்தில் இடம் கொடுத்து, அவர்கள் ஊர்க் காய்கறி போட உதவியவர். அந்தத் திட்டம் நின்றது எனக்கும் வருத்தம்தான். பணம் நின்றால் அறிக்கை நிற்கும், விமானம் நிற்கும். நாங்கள் அடித்த ஜாக்கி பிரஸ் நிற்கவில்லை, போன மாசம் கூட வாட்ஸ்ஆப்பில் படம் வந்தது.

---

எழுதியவர்: காவிரிக்கரை

அண்ணா, நாலு தடவை படித்துவிட்டேன். 45 நாள் கடன் விஷயம் என் துறை. கடன் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்து முப்பது வருஷம் பார்த்ததையே நான் போகும்போது மறந்துவிடக் கூடாது என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

இரண்டு கேள்வி. ஒன்று, கூலி பற்றிச் சொல்கிறேன் என்றீர்கள். அவர்கள் அனுப்பிய கணக்கில் கிழங்கு, விறகு, துருவும் கூலி, வண்டி வாடகை இருக்கிறது. அந்த 22 பேர் உழைப்புக்கு ஒரு வரி கூட இல்லை. இதை எப்படிப் பேசுவது? "உங்கள் தொழில் நஷ்டம்" என்று நான் முதல் நாளே சொல்லிவிட்டால் அவர்கள் மனசு உடைந்துவிடாதா? இரண்டாவது, அவர்களில் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம். நோட்டு எப்படி வைப்பது?

---

எழுதியவர்: சேகோ ஆத்தூரான்

கூலியை நீங்கள் சொல்லாதீர்கள் அம்மா, அவர்கள் எண்ணட்டும். நான் செய்தது இது. உலர்ந்த சோளமணி ஒரு கூடை வாங்கினேன். காலையில் சீவ உட்கார்ந்ததிலிருந்து, ஒருவர் ஒரு மணி நேரம் வேலை செய்தால் ஒரு சோளமணியைச் சட்டிக்குள் போட வேண்டும். என் போனில் மணி அடிக்கும், போடுவார்கள். மூன்று நாள் நடந்தது. கடைசியில் அந்தச் சட்டியைப் பாயில் கொட்டினோம். பக்கத்தில், அந்த மூன்று நாள் சரக்கு விற்று எல்லாச் செலவும் போக மிஞ்சிய காசை வைத்தோம். காசை மணிகளுக்குப் பிரித்துப் பார்த்தார்கள். அடுத்தவர் காட்டில் களை எடுக்கப் போனால் ஒரு மணி நேரத்துக்கு என்ன கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விடக் கொஞ்சம் குறைவாக வந்தது.

வயசான ஒரு பெண், சீவுகிற குவியலைக் காட்டி ஏதோ சொன்னார். சட்டியில் பாதிக்கு மேல் மணிகள் சீவுவதற்கே போயிருந்தன. சின்னச் சின்னக் கோணல் கிழங்கை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கியதால் சீவ இரட்டை நேரம். பெரிய கிழங்கு விலை கூட, ஆனால் மணி குறைவு. அன்றிலிருந்து கிழங்கு பேசப் போகிறவர்கள் செடியின் அடியைத் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்கிறார்கள். நஷ்டம் என்ற வார்த்தையை யாருமே சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தேவைப்படவில்லை.

எழுதத் தெரியாததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவர்கள் சேமிப்புக் குழுவில் முத்திரை குத்துகிற கையேடு வைத்திருப்பார்கள், ஒரு பங்குக்கு ஒரு முத்திரை. அதே முறையில் கிழங்கு மூட்டைக்கு ஒரு படம், விறகுக் கட்டுக்கு ஒரு படம், ஒலோன்காவுக்கு ஒரு படம் வரைந்து, கோடு போட வைத்தோம். பள்ளிக்கூடம் போகிற பேத்தி ஒருத்தி சந்தை அன்று கூட்டிப் போடுகிறாள். அந்த நோட்டை வைத்துத்தான், விடுதிப் பள்ளி திறக்கிற வாரத்தில் விலை ஏறுவதும், கோடையில் மண் இறுகிப் பிடுங்கும் கூலி ஏறுவதும் மாசக் கணக்கில் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது பள்ளி திறப்பதற்கு முன்னால் நன்றாக வறுத்த சரக்கில் பத்து மூட்டை இருப்பு வைக்கிறார்கள். அதற்குக் கடன் தேவைப்படும், எத்தனை நாளுக்கு, எவ்வளவு என்று முடிவு செய்ய உங்களைப் போல ஒருவர் வேண்டும். அது எனக்குத் தெரியாத வேலை.

---

எழுதியவர்: காவிரிக்கரை

சரி அண்ணா, அந்தக் கடன் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். சந்தைக்குச் சந்தை திருப்பிக் கட்டுகிற மாதிரி சின்னக் கடன், பள்ளி திறந்த பிறகு முடிகிற மாதிரி. இரவே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன், ஆனால் அங்கே போய் நோட்டைப் பார்க்கிற வரை யாரிடமும் காட்டப் போவதில்லை. இன்று மாலை மருமகனோடு போய் ஒரு தொங்கு தராசு வாங்கினேன். 50 கிலோ வரை காட்டும், எண் வெளிச்சம் போடுகிற வகை.

---

எழுதியவர்: சேகோ ஆத்தூரான்

அம்மா, முடிந்தால் அதை மாற்றி, முள் ஓடுகிற ஸ்பிரிங் தராசாக வாங்கிவிடுங்கள். நீங்கள் வந்த பிறகு பேட்டரி தீர்ந்தால் அதோடு மூலையில் போய்விடும். முள் நகருவதை எழுதத் தெரியாதவரும் பார்க்கலாம், பெயின்டில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தால் போதும். தராசை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அகாட்சி சந்தையில் குழுத் தலைவி அம்மாவைப் பார்க்க நேர்ந்தால், முக்காலிக்காரர் விசாரித்தார் என்று சொல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் இங்கே இரண்டு வரி போடுங்கள்.